டிரெஸ்ஸர் வீட்டு வாசலில் வேப்பிலை

டாக்டருக்கு வர வேண்டிய பழியையும் கங்காணிக்கு வர வேண்டிய சாபத்தையும் ஒருசேர வாங்கிக்கொண்டு, கையில் பேதி உப்போடு நிற்பவனுக்குத்தான் தோட்டத்தில் டிரெஸ்ஸர் என்று பெயர். கொயினா மருந்து கலக்கியே காலம் தள்ளிய சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1918-ல் பெரிய சண்டை முடியும் தறுவாயில் விஷக் காய்ச்சல் வந்ததே, அப்போது நான் மலாயாவில், ஜொகூரில் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். மேற்பார்வைக்கு வர வேண்டிய டாக்டர் தாமே காய்ச்சலில் படுத்துவிட்டதால், மொத்த ஆஸ்பத்திரியும் என் தலையில் விடிந்தது. வீட்டில் என் மனைவி கமலத்துக்கு நிறைமாதம், தலைச்சன் பிள்ளை. கூடவே தம்பி சுந்தரம். ஊரில் வெட்டியாகத் திரிந்தவனை வரவழைத்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்த்துவிட்டிருந்தேன். இந்தக் காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பிடித்தால் லேசில் விடுவதில்லை என்பதை வார்டில் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் நோயாளிகளைத் தொட்டுவிட்டுச் சாயங்காலம் அதே கையோடு கமலத்தின் முன்னால் போய் உட்கார வேண்டும். என் பயமெல்லாம் அதுதான்.

பெரட்டில் இருமல்

விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அந்த நாட்களில் பேரைக் கூப்பிட்டால் பதிலுக்கு இருமல்தான் வந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பெரிய கிராணி இருமலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். கொஞ்ச நாளைக்குப் பெரட்டை நிறுத்திவிட்டு, நடக்க முடிந்தவர்கள் வீட்டிலிருந்து நேரே மரம் சீவப் போகட்டும் என்று துரையிடம் கேட்டேன். துரை, காய்ச்சல் தன்னை அண்டாதிருக்கக் காலையிலிருந்தே விஸ்கியை மருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழையும் மலாயையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி (சாக்கிட் என்றால் மலாயில் சீக்கு) அவர் சொன்னது இது: "எல்லாம் சாக்கிட், எல்லாம் சாக்கிட்! மரத்துக்கு சாக்கிட் இல்லே. நீ போய் மரத்துக்கு சாக்கிட் குடு, நான் பெரட்டு நிப்பாட்டும்!"

நலம் விசாரிப்பு

துரையாவது பரவாயில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் போய்ப் பாயைச் சுற்றி உட்கார்ந்து, நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அதே தம்ளரில் காப்பித்தண்ணி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். போகாவிட்டால் மரியாதைக் குறைவு. இது ஒட்டுகிற நோய், கும்பல் கூடாதீர்கள் என்று வீடு வீடாகத் தொண்டை கிழியக் கத்தினேன். என் கத்தலைக் கேட்கவும் ஒரு கும்பல் கூடியது.

பெரிய கங்காணி மாரிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் அவர் வாயை மூட ஒரு மூடி இதுவரை யாரும் செய்யவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ஒட்டுற சீக்குன்னா மொதல்ல உங்களுக்கில்லய்யா ஒட்டியிருக்கணும்? நீங்கதான் கல்லுக்குண்டாட்டம் சுத்திக்கிட்டிருக்கீங்களே!"

ஆத்தா வந்த கதை

வழி சொன்னவன் சுந்தரம்தான். சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "அண்ணே, டிரெஸ்ஸர் சொன்னா எவன் கேப்பான்? ஆத்தா சொன்னா கேப்பான்," என்றான். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள் அல்லவா? அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்நியர் நுழைவதில்லை, அந்த வீட்டார் வெளியே போவதில்லை, சாவுக்கோ கல்யாணத்துக்கோ தலைகாட்டுவதில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியதும் அதைத்தானே!

மறுநாள் காலையில் கோவில் வேம்பில் கிளை ஒடித்து, காய்ச்சல் கண்ட வீடுகளில் நானே கட்டினேன். "ஆத்தா இந்தத் தடவை முத்துப் போடாமல் காய்ச்சலாகவே வந்திருக்கிறாள்" என்று ஒரு போடு போட்டேன். லயம் கப்சிப். ஆனால் ஆத்தா இருக்கிற வீட்டில் டிரெஸ்ஸர் மருந்துக்கு இடமில்லை என்பதை நான் மறந்துபோனேன். பால்மரம் சீவுகிற அஞ்சலை காய்ச்சலோடு எழுந்து வந்து, வாசலில் என்னை மறித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கொயினாவை மஞ்சள் தண்ணீரில் கலக்கி, ஆத்தா தீர்த்தம் என்று கொடுத்தேன். அது இந்தக் காய்ச்சலைக் கேட்குமா என்று கேட்காதீர்கள். எங்களிடம் இருந்தது அதுதான். அஞ்சலை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்: "ஆத்தாளும் உங்க ஆஸ்பத்திரியிலதான் மருந்து வாங்குறாளாங்கய்யா?"

தாலி கட்டியவன் வெளியே

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வீட்டு வாசலிலேயே வேப்பிலை தொங்குகிறது. "கமலா!" என்று கதவை இடித்தேன். ஜன்னல் வழியாகத் தலை நீட்டினாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. "ஆத்தா இருக்கா. வெளியில அலையிறவங்க உள்ள வரக்கூடாது," என்றாள். நான் கட்டிய கதையை எனக்கே திருப்பிக் கட்டிவிட்டாள். மனதுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, வெளியே சொல்லத்தான் ரோஷம் விடவில்லை.

அன்றிலிருந்து என் ஜாகை மருந்தறைக்கு மாறியது. ஆபீசில் தனியாக உட்கார்ந்து எழுதுகிற சுந்தரம் யாரையும் தொடுவதில்லை என்பதால், அவனுக்கு மட்டும் வீட்டுக்குள் இடம். ஜன்னல் வழியாக எனக்குச் சோறு வரும். நெத்திலி சம்பல் செய்த அன்று தட்டில் மிளகாய்தான் இருந்தது, நெத்திலியைக் காணோம். உள்ளே வாய் நிறைய மென்றுகொண்டே தம்பி சொன்னான்: "அண்ணே, மீனெல்லாம் ஆத்தா எடுத்துக்கிட்டா!"

யாரை எங்கே வைப்பது

பிறகு சுந்தரத்துக்குக் காய்ச்சல் வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. வாசலில் நின்றபடி யோசித்தேன். அவனை வீட்டிலேயே வைத்தால் கமலம் பார்த்துக்கொள்வாள். அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் யார் பார்ப்பது? வார்டுக்குக் கொண்டுபோனால் அங்கே செத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் படுக்க வேண்டும். நல்ல கஞ்சி கிடையாது, நிம்மதியான தூக்கம் கிடையாது. கமலத்தை ஜொகூர் பாருவில் அக்காள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், ரயில் பூராவும் இருமல். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

கமலம், "அவர் இங்கயே கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்," என்று பிடிவாதம் பிடித்தாள். உள்ளே சத்தம் கேட்டது. சுந்தரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே வெளியே வந்துவிட்டான். என் தோளைப் பற்றிக்கொண்டு திரும்பிச் சொன்னான்: "அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குப் பயமில்ல. அண்ணன் வெக்கிற கஞ்சிய நெனச்சாத்தான் கொல நடுங்குது."

இலையை அவிழ்க்கவா?

அவன் பிழைக்கவில்லை. என்னிடம் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்தேன். நான் வைத்த கஞ்சியையும் ஊட்டினேன், நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான். அவன் போனதும் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே இருமியவர்கள் காத்திருந்ததால் அதையும் முழுசாகச் செய்ய முடியவில்லை.

தூக்கிக்கொண்டு போக, காய்ச்சல் வந்து தேறிய ஆட்கள் இரண்டு பேர், மாரிமுத்து, நான். லயத்து வழியாகத்தான் போக வேண்டும். சாதாரண நாளாக இருந்தால் தோட்டமே திரண்டிருக்கும். அவனைப் பிடிக்காதவர்கள் அங்கே யாருமில்லை. அன்று வேப்பிலை தொங்கிய ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஜனங்கள் நின்று அழுதார்கள், படியைத் தாண்டி ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் இறங்கி வர மாட்டார்களா என்று என் உடம்பெல்லாம் தவித்தது. மாரிமுத்து பாடையை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். நான் சரி என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லோரும் இறங்கி வந்திருப்பார்கள். நான் வேண்டாம் என்று நடந்தேன். அவர் கேட்டது இதுதான்: "ஐயா, நீங்க கட்டின எலதானே? இன்னிக்கி மட்டும் அவுத்துரட்டுமா?"

பெண் பிறந்தாள்

காய்ச்சல் ஓய்வதற்கு முன்பே கமலத்துக்கு வலி எடுத்தது. தேறி எழுந்திருந்த அஞ்சலைதான் உள்ளே போனாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் கூவினேன். அஞ்சலை ஜன்னலைச் சாத்திவிட்டாள். பெண் குழந்தை, நல்ல தொண்டை. தாய்க்கும் குறையில்லை.

வார்டு காலியான பிறகுதான் கமலம் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே, கொடுக்காமல் சொன்னாள்: "உங்க தம்பிய வெளிய விட்டதுக்கு உங்களையும் என்னையும் நான் மன்னிக்கப் போறதில்ல. விடலேன்னா இவ இல்ல, அதுவும் தெரியும். ரெண்டும் அப்படியே இருக்கட்டும். போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து புள்ளயத் தூக்குங்க."

பிழைத்தவர்களெல்லாம் ஆத்தாவின் தயவால் பிழைத்தவர்கள், செத்தவர்கள் மட்டும் டிரெஸ்ஸர் கைபட்டுச் செத்தவர்கள் என்பது நம் உத்தியோகத்தின் பழைய சட்டம்; காய்ச்சல் ஓய்ந்ததும் தேறிய ஜனங்கள் கோவிலில் கூழ் ஊற்றி எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தபோது, என் தம்பியைப் பொறுத்தவரை மட்டும் அந்தச் சட்டத்துக்கு மறுபேச்சுப் பேச எனக்கு வாய் வரவில்லை.