ரௌட்டருக்கும் பொட்டு

போன பதிவில் நான் போட்ட வைஃபை புலம்பலைப் படித்துவிட்டு ஆலோசனை எழுதிய எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். நன்றாகத்தான் இருந்தது... ஆயுத பூஜை வரைக்கும்.

உயரத்தில் வை, வீட்டுக்கு நடுவில் வை, ஃபிரிட்ஜ் பக்கம் வேண்டாம் — இவ்வளவுதானே சொன்னீர்கள்? மயிலாப்பூரில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. வாசல் அறை, நடு அறை, கடைசியில் சமையல்கட்டு. நடு அறையில் ஆணி அடித்து, நீள வயர் போட்டு ரௌட்டரை மாட்டினேன். அதன் மூன்று ஆன்டெனாக் கொம்பையும் நிமிர்த்தி விட்டேன். வாசல் அறையில் என் மேஜை வரை சிக்னல் முழுசாக வந்தது.

எதற்கு இத்தனை பாடு? ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். கடைசிச் சுற்று, வீடியோ இன்டர்வியூ. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா ஜாக்கெட் தைக்கிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஊரில் ஆயுத பூஜை ஏது? அன்றைக்கே பதினோரு மணிக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள்.

பத்தரைக்கு சிக்னல் பார்த்தேன். முழுசு. குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி வந்தது. பதிலை ஆரம்பித்தேன். திரையில் கேள்வி கேட்ட பெண்மணியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப நுழைந்தேன் — மறுபடி நின்றது. மொபைல் டேட்டா? எங்கள் வீட்டுக்குள் போன் மணி அடித்தாலே பெரிசு. நான்காவது தடவை நுழைந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நடு அறைக்கு ஓடினேன். ஆணி மட்டும் இருந்தது.

சமையல்கட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பூஜை. அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் ஸ்பானர்கள், பித்தளைத் தாம்பாளம்... அதற்கெல்லாம் பின்னால், தரையில், ரௌட்டர். கொம்புக்குக் கொம்பு சந்தனம், குங்குமம்.

“யாரும்மா இதை எடுத்தது?”

“நான்தான். என் மெஷினுக்கு வெச்சேன், உங்கப்பா ஸ்பானருக்கு வெச்சேன். உன் பொழப்புக்கு வெக்க வேணாமா? வயரைப் புடுங்கவே இல்ல நைனா. லைட்டு எரிஞ்சிக்கினுதானே கீது?”

எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சையாக.

கத்த வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு பிடி சுண்டலைப் போட்டார்.

“இன்டர்வியூ ஆச்சா? இன்னா சொன்னாங்க?”

“ஆச்சும்மா.”

“அப்புறம் இன்னா? இன்னிக்கு ஒரு நாள் அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கலாம்.”

மன்னிப்புக் கேட்டு மூன்று மெயில் போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் கேட்கிறார்.

ரௌட்டர் பழையபடி ஆணியில் தொங்குகிறது. சந்தனத்தை நான் துடைக்கவில்லை. சிக்னல் முழுசாக இருக்கிறது... கூப்பிடத்தான் ஆளில்லை.