தடிமன்கூட வராத பிள்ளை

என் அம்மாவைப் போலப் பொய் சொல்ல யாழ்ப்பாணத்தில் ஆளில்லை என்று நான் சொன்னால் அது கோபத்தில் சொல்வது. ஆளிருக்கிறது. பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வீடுகளில் எல்லாம் இருக்கிறது.

தங்கச்சி இரத்தத்தில் கிருமி ஏறி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பிறஷர் விழுந்துவிட்டதால், மருந்து ஏற்றக் கழுத்தின் இடப்பக்கம் நீளமான குழாய் ஒன்று போட்டிருந்தார்கள். காலையில் டொக்டர் வெளியே வந்தார். எக்ஸ்றேயில் அந்தக் குழாய் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கமாகவே நேரே கீழே இறங்குகிறதாம். பிழையான இடத்துக்குள் போயிருக்கலாம், கழற்றிவிட்டு வேறு பக்கம் குத்தவேண்டும், ஆனால் இரத்தம் உறைவது குறைந்திருப்பதால் அவளுக்குத் திரும்பக் குத்துவது ஆபத்து என்றார்.

"சின்னனிலை இவவுக்கு நெஞ்சிலை ஏதும் பிரச்சினை எண்டு ஆரிட்டையும் காட்டினனீங்களோ?"

அம்மா பக்கத்தில் நின்ற தங்கச்சியின் மாமியாரை ஒருதரம் பார்த்தார். "இல்லை டொக்டர். காய்ச்சல், தடிமன்கூட வராத பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நெஞ்சை ஸ்கான் செய்த டொக்டர், எல்லோருக்கும் பிறக்குமுன்பே மூடிப்போகும் இரத்தக்குழாய் ஒன்று இவளுக்கு இடப்பக்கம் மூடாமல் இருக்கிறது, அதனால் ஒரு கெடுதியும் இல்லை என்று அம்மாவிடமும் என்னிடமும் சொன்னவர். செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன அம்மா, மகளின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அம்மா பொய் சொல்லுறா டொக்டர்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அந்த இடத்திலும் கிள்ளினார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டொக்டர் உள்ளே போய் ஸ்கான் வைத்துப் பார்த்தார். குழாய் அந்த இரத்தக்குழாய்க்குள்தான் இருந்தது. அது இருதயத்தில் சேரவேண்டிய இடத்தில்தான் சேர்கிறது என்றார். கழற்றவுமில்லை, குத்தவுமில்லை. மாமியார் என்னிடம், "பிள்ளைக்கு இனிப் பயமில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

தங்கச்சியை வார்டுக்கு மாற்றிய அன்றைக்கே அம்மா கட்டிலோரம் குனிந்தார். "மாமி கேட்டால், அக்கா வேறை ஆரோ ஒராளின்ரை கதையை மாறிச் சொல்லிப்போட்டா எண்டு சொல்லு."

தங்கச்சிக்குக் குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"மாமிக்குச் சொல்லுவம் அம்மா. எனக்குத் திரும்ப உப்பிடி வந்து டொக்டர் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

அம்மா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார்.