என் கட்டைவிரல் சொன்ன ஓகே

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில பதினோரு வருஷம் தோல் செக் பண்ற வேலை பாத்தேன். டிப்ளமோ படிச்சுட்டு சேந்தவ. தோல் ஒவ்வொண்ணா டேபிளுக்கு வரும். கட்டைவிரலால அழுத்தி, மடிச்சு, வெளிச்சத்துல திருப்பிப் பாப்பேன். ஓகேன்னா ஓகே, இல்லன்னா ரிஜெக்ட். நான் ஓகே சொன்ன தோலை மேனேஜர்கூட மறுபடி தொட்டுப் பாக்க மாட்டாரு. தலைக்கனமான்னு கேட்டா, ஆமா, இருந்துச்சு.

கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோவ முடியாது. வெளிநாட்டு பார்ட்டியோட புது மாடலை யாரும் படம் புடிச்சுடக் கூடாதாம். கேட்ல செக்யூரிட்டிகிட்ட போனைக் குடுத்து டோக்கன் வாங்கிக்கிட்டு உள்ள போனா, சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் திரும்பக் கைக்கு வரும். அதனால கேஸ் புக்கிங்ல இருந்து ஸ்கூல் மெசேஜ் வரைக்கும் நாங்க பொம்பளைங்க எல்லாரும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் குடுத்து வெச்சிருப்போம். ஓடிபி வந்தா பாக்க ஆள் வேணுமே! வீடியோ சேனல் ஆரம்பிச்சப்பவும் நான் யோசிக்கவே இல்ல, அவர் நம்பரைத்தான் குடுத்தேன். எம்மாம் பெரிய மடத்தனம் பாருங்க.

சேனல் ஐடியா என்னோடது. அவரு பள்ளிகொண்டாவுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு, கம்ப்யூட்டர் தெரியும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து, சாப்பிட்டு, மாடியில உக்காந்து பேசுவேன். எது தோல், எது ரெக்ஸின்னு ஜனங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுவேன். "அழுத்திப் பாருங்க, தோல்னா சுத்தி சுருக்கம் விழும். சந்தேகமா இருந்தா ஓரத்துல வெட்டிப் பாருங்க. தோல்னா நார் நாரா இருக்கும், ரெக்ஸின்னா உள்ள துணி தெரியும்." அவரு எடுப்பாரு, வெட்டி ஒட்டி ஏத்துவாரு. ஜனங்க பாத்தாங்க, நெறைய பேர் பாத்தாங்க.

"இன்னாத்துக்கும்மா இன்னும் பஸ் புடிச்சு அலையற? வேலைய வுட்டுடு. நான் இருக்கேன்ல"ன்னாரு. அந்த "நான் இருக்கேன்ல"லதான் நான் வுழுந்தேன்.

கடைசி நாளு தையல் செக்‌ஷன் அக்கா மட்டும் திட்டினாங்க. பதினோரு வருஷமா பஸ்ல என் பக்கத்து சீட்டு அவங்கதான். "படிச்சு வாங்கின வேலைய வுட்டுட்டு போன் முன்னாடி பேசப் போறியா? உனக்கு இன்னா பைத்தியமா?"ன்னு கேட்டுட்டு, எனக்கு முன்னாடி அவங்களே அழுதாங்க.

வேலைய வுட்ட ஆறாவது மாசம் ஒரு விளம்பரம் வந்துச்சு. ஆன்லைன்ல ஷூ விக்கிற ஒரு கம்பெனி. வீட்டுக்கு ஒரு ஜோடி அனுப்பினாங்க. நான் சும்மா புகழ்ந்து பேசலை. கேமரா முன்னாடியே அழுத்தினேன், ஒண்ணை வெட்டியும் காட்டினேன். சுத்தமான தோல். "நான் ஓகே சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க"ன்னு வாய் நெறைய சொன்னேன்.

கிறிஸ்மஸ் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அக்கா ஒரு பையோட வீட்டுக்கு வந்தாங்க. புது மாப்ளைக்கு முதல் கிறிஸ்மஸுக்கு அதே ஷூவை வாங்கிக் குடுத்திருக்காங்க. மேல்பக்கம் தோசை மாதிரி உரிஞ்சு கெடக்குது.

"மாப்ள ஒரு வார்த்தை சொல்லலம்மா. அதான் எனக்கு பேஜாரா இருக்கு. நீ வெட்டிக் காட்டினியே?"

கட்டைவிரலை வெச்சதுமே தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் வெட்டினேன். வெள்ளைத் துணி. அக்கா மூஞ்சிய என்னால பாக்க முடியலை.

அந்த கம்பெனிக்காரனை நாறடிக்கணும்னு வீட்டுக்காரர் போனை எடுத்தேன். என்னையும் அவரையும் சேத்து ஏமாத்திட்டான்னு நெனச்சேன். பழைய மெசேஜ் இருந்துச்சு. மத்தவங்களுக்குப் போற சரக்கையே மேடத்துக்கும் அனுப்பட்டுமான்னு அவங்க கேட்டிருக்காங்க. இவரு பதில் போட்டிருக்காரு: "வேணாம். அவளுக்கு மட்டும் ஒரிஜினல் அனுப்புங்க. அவ கை வெச்சா கண்டுபுடிச்சுடுவா."

என் கைக்கு இன்னா மதிப்புன்னு தெரியாதவரு இல்ல. நல்லாத் தெரிஞ்சுதான் அந்தக் கையையே ஏமாத்தியிருக்காரு, பாவி மனுஷன்.

"இன்னாங்க இது?"ன்னு போனை நீட்டினேன்.

"எல்லா சேனல்லயும் நடக்கறதுதாம்மா. உனக்குத் தெரிஞ்சா நீ பேச மாட்ட. அதான் சொல்லலை. எல்லாம் நமக்காகத்தானே?"

"நமக்காகவா? அக்கா அவங்க மாப்ள முன்னாடி தலை குனிஞ்சு நின்னது யாருக்காக?"

அந்த வீடியோவை டெலீட் பண்ணிட்டு, நடந்ததைச் சொல்லி வேற வீடியோ போடணும்னேன். "ரெண்டு மாசம் போவட்டும்"னாரு. நானே போட்டுக்கறேன்னு லேப்டாப்பைத் தொறந்தேன். ஓடிபி கேட்டுச்சு. அவர் பாக்கெட்ல டிங்குன்னு சத்தம். எடுத்துப் பாத்துட்டு, அப்படியே உள்ள வெச்சுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு கடைக்குப் போய்ட்டாரு.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போனேன். அக்கா குடுத்த ஷூவும் தோல் வெட்டற கத்தியும் பையில இருந்துச்சு. கம்பெனி கேட் எதிர்ல நின்னேன். ஷிஃப்ட் வுட்டாங்க. டோக்கனைக் குடுத்து போனை வாங்கிக்கிட்டு பொம்பளைங்க வெளிய வந்தாங்க. என்னைப் பாத்ததும் கூடிட்டாங்க.

"இன்னா மேடம், ஷூட்டிங்கா? கேமரா எங்க?"

"கேமரா இல்ல. நான் ஓகேன்னு சொன்ன ஷூ தோலே இல்ல, ரெக்ஸின். யாரும் வாங்காதீங்க. ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க."

"யாரு ஏமாத்தினது?"

"எங்க வீட்டுக்காரரு"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

கூட்டத்துல இருந்து ஒரு பொண்ணு முன்னாடி வந்தா. என் டேபிளுக்குப் புதுசா வந்தவளாம். "அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. எதை நம்புறது?"

கோவம் வரலை எனக்கு. நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நம்பாதம்மா. இந்தா கத்தி. நீயே வெட்டிப் பாரு."

அவ முதல்ல கட்டைவிரலால அழுத்தினா. அப்புறம் ஓரத்துல கத்திய வெச்சு இழுத்தா. துணி தெரிஞ்சுது. என்னைப் பாக்கலை அவ. பின்னாடி நின்னவங்க பக்கம் திரும்பி, "ரிஜெக்ட்"னா.