தொலி உளுந்து

தாராவியில் எங்கள் சந்து முழுக்க இட்லிக்காரர்கள். பெண்கள் விடியுமுன் அவித்துவைப்போம். ஆண்கள் சைக்கிளில் மாஹிமுக்கும் மாட்டுங்காவுக்கும் கொண்டுபோய் விற்பார்கள். எல்லார் வீட்டிலும் பர்மா உளுந்துதான். கப்பலில் வரியில்லாமல் வந்து, மில்லில் தொலி நீங்கி, வெள்ளைவெளேரென்று மலிவாகக் கிடைக்கிறது. வேறெதையும் வாங்க எனக்கென்ன பைத்தியமா?

இந்த லட்சணத்தில், போன வருஷம் என் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து இரண்டு மூட்டைக் கறுப்பு உளுந்தோடு ரயிலேறி வந்துவிட்டான். பர்மாச் சரக்கு வரத் தொடங்கியதிலிருந்து ஊர் வியாபாரி இவன் மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்ப்பதில்லையாம். இட்லிக்காரர்களிடம் நேராக விற்கலாம் என்று நம்பினான். விற்காமல் திரும்பினால் நிலத்தைச் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மதினி முடிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஒரு தடவ மாவு பொங்குறதப் பாத்தா எல்லாரும் நம்ம உளுந்தத்தான் கேப்பாவ" என்றான்.

மறுநாள் மதியம் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், வாசலில் உட்கார்ந்து ஊறின உளுந்தைத் தேய்த்துத் தேய்த்துத் தொலியை அலசி ஊற்றியிருந்தான். ஊரில் கிணற்றடியில் அப்படித்தான் செய்வோம். இங்கே குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்துவைத்த டிரம் காலி. சாக்கடையெல்லாம் கறுப்புத் தொலி. வந்த ஆத்திரத்தில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் இரவல் வாங்கி அரைத்துவைத்தேன். அவன் சொன்னது பொய்யில்லை. விடியும்போது மாவு பானையை மீறி வழிந்தது. மிச்சமிருந்த இரவல் தண்ணீரில் ஒரே ஒரு ஈடு அவித்தேன். அன்று எங்களுக்கு வியாபாரம் இல்லை. சந்தே கூடித் தின்று, "பஞ்சு மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி" என்றது.

பிறகு பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "ஒரு வேள மாவுக்கு ஒரு டிரம் பானி போவுது. தெனமும் தண்ணிக்கு நாங்க எங்கன போவ?"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஒருத்தரும் ஒரு கிலோ வாங்கவில்லை. நானும்தான்.

செம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் தொலி நீக்கித் தரக் கேட்டோம். இரண்டு மூட்டைக்கெல்லாம் மில்லை ஓட்ட முடியாது, லாரி நிறையக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் மான்குர்த்தில் ஆடு வளர்க்கிறவர் ஒருவர் தீவன விலைக்கு எடுத்துக்கொண்டார். நக்குகிற நாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன? ஆட்டுக்குத் தொலியும் ஒன்றுதான், பருப்பும் ஒன்றுதான்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் வழக்கமான இட்லியை அவனுக்கு வைத்தேன். பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றான்.

"பர்மாவா?"

"ஆமா."

"நல்லாத்தாம்ட்டி இருக்கு. நல்லா இல்லேன்னாலாவது மனசு ஆறும்."

இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றான். கை கழுவச் செம்பைச் சாய்த்தேன். போதும் போதும் என்று பாதியில் தடுத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மதினிக்குப் போன் போட்டான்.

"அந்தச் சோலார்க்காரன வரச் சொல்லு."