எதிர் மூலையில் ஒரு வாய் தண்ணீர்

செய்தி வந்தபோது நான் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் இருந்தேன். மருமகளின் கண்ணீர் முந்தின ஷாட்டில் எந்தக் கன்னத்தில் வழிந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கண்டினியூட்டி என்பார்கள். கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் குத்துச்சண்டைப் படத்தின் வாட்ஸ்அப் குழு அது. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு, பொங்கலுக்கும் யுகாதிக்கும் மட்டும் கண் விழிக்கும் குழு. அதில் இயக்குநர் கிரண் எழுதியிருந்தான்: "சீலன் அண்ணா போயிட்டார்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம். மாரடைப்பு. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அடி விழுந்தா மனுசன் பறக்க மாட்டாம்மா, மடங்கி உக்காருவான்" என்று எங்கள் சண்டைக் காட்சிகளைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்வார். சொன்னபடியே போயிருக்கிறார். மருமகள் அழுது முடிக்கும்வரை நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தக் காட்சியில் கண்ணீர் கன்னம் மாறியிருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருப்பவர்களுக்கு ஜெயசீலன் என்றால் மடிப்புக் கலையாத சட்டை, சர்ச் பாட்டுக்குழுவில் எல்லாரையும் முந்திக்கொண்டு போகும் குரல். கோலார் தங்கவயல்காரர்களுக்கு ஒரு காலத்துக் குத்துச்சண்டை வீரர். எங்களுக்கு அவர் சண்டைக் காட்சிகளுக்கு யோசனை சொல்ல வந்து, பிறகு கதையிலும் மூக்கை நுழைத்த மனிதர். மூக்கை நுழைத்தார் என்று கோபத்தில் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை உடைந்த மூக்கு அது, எங்கே வேண்டுமானாலும் நுழையும்.

ஜீவனஹள்ளியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அதற்குள் ரிங் போட்டிருந்தோம். அவரைப் பயிற்சியாளராக ஒரு காட்சியில் நடிக்கவும் வைத்தோம். நடிப்பு அவருக்குச் சுத்தமாக வரவில்லை. வசனத்தைச் சொல்லிவிட்டுச் சரியாகச் சொன்னேனா என்று கேமராவையே பார்ப்பார். நான் கவனித்தது வேறு. வலது பக்கம் நிற்பவரோடு பேச வேண்டுமென்றால் அவர் முழுத் தலையையும் திருப்புவார். ஒவ்வொரு டேக்கிலும் தலை வேறு வேறு நேரத்தில் திரும்பியதால் எனக்கு உயிர் போனது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சின்ன வயசுல பம்பரத்து ஆணி பட்டுட்சிம்மா. அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது."

"அப்புறம் எப்படிண்ணா உங்களைப் போட்டியில விட்டாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெடிக்கல்ல எழுத்துப் போர்டு மாட்டி வெச்சிருப்பானில்ல? கூட்டாளி ஒருத்தன் முன்னாடியே உள்ள பூந்து, அத்தையெல்லாம் பாத்துகினு வந்து, டீக்கடையில குந்தவெச்சி எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சிட்டான். டாக்டர் குச்சிய வெக்கறதுக்குள்ள நான் அடுத்த எழுத்தச் சொல்லிட்டேன்."

நானும் சிரித்தேன். அந்தக் கூட்டாளி யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கிரண் முதலில் எழுதிய கதையில் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்கள் குத்துச்சண்டை வீரர்கள் ஆகிறார்கள். ஒருவன் நல்லவன். இன்னொருவன் பொறாமை பிடித்து எதிரியாகிறான். கடைசியில் நல்லவன் ஜெயிக்கிறான், கெட்டவன் அழுகிறான், இருவரும் ரிங்குக்குள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கிரண் கன்னடப் பையன், தமிழ் எங்களிடம் கற்றுக்கொண்டது. அவன் கதையைப் படித்து முடித்ததும் நாங்கள் எல்லாரும் சூப்பர் என்றோம். சீலன் அண்ணன் மட்டும் மத்தூர் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த ரெண்டாவது பையன் ஏம்பா கெட்டவன்?"

"படம்னா ஒரு வில்லன் பேக்கு அல்லவா அண்ணா." வேண்டும் என்று சொல்ல வந்தால் அவனுக்குக் கன்னடப் பேக்குதான் முதலில் வரும்.

அப்போதுதான் அவர் சம்பத்தைப் பற்றிச் சொன்னார். தங்கவயலில் இருவரும் ஒரே லைன் வீடு, ஒரே கிளப், ஒரே எடை. மாநில அணிக்கான தேர்வுப் போட்டி பெங்களூரில் நடந்தது. ஜெயித்தவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம். கடைசிச் சுற்றில் இவர்கள் இருவருமே மோத வேண்டி வந்தது. அதற்கு முந்தின வாரம் மரக்கட்டை இறக்கும்போது சம்பத்துக்கு இடது விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று அதை வேறு யாரிடமும் சொல்லாமல் சீலன் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார். போட்டியில் சீலன் அண்ணன் பின்தங்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது ரவுண்டில் அந்த விலாவில் குத்தினார். சம்பத் மடங்கி உட்கார்ந்தார். நடுவர் போட்டியை நிறுத்தினார்.

குத்துச்சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு சொன்னதும் இருவரும் எதிராளியின் மூலைக்குப் போய், அங்கே நிற்பவர்களை வணங்கி, அவர்கள் கொடுக்கும் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள். சண்டை இத்தோடு முடிந்தது என்று அர்த்தம். அன்று சீலன் அண்ணன் சம்பத்தின் மூலைக்குப் போய்க் குடித்தார். சம்பத் இவருடைய மூலைக்கு வரவில்லை. கயிற்றைத் தாண்டி இறங்கி நேராக வெளியே போய்விட்டார். "கூட்டாளின்னு சொன்னேன், நீ பாக்ஸரா கேட்டுகினே. இனிமே உன் வூட்ல பச்சத்தண்ணி தொட மாட்டேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். சீலன் அண்ணனின் கல்யாணத்துக்கு வரவில்லை. இவருடைய அம்மா இறந்தபோது வந்தார். நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வரவேண்டும் இல்லையா. தெருமுனையிலேயே நின்று, எடுத்ததும் போய்விட்டாராம், நாக்கை நனைக்காமல்.

"அதனால ஹீரோ அந்த விலாவுல அடிக்கணும். அத்தக் காட்டு" என்றார்.

கிரண் தவித்துப்போனான். "அண்ணா, ஃப்ரெண்டோட உடைஞ்ச எலும்புல ஹீரோ அடிச்சா ஜனங்க எப்படி ஒப்புவாங்க?"

"ஒப்பலன்னா போவட்டும். அடிச்சது நானு."

"அவரும் ஏதாவது பண்ணியிருப்பார் அல்லவா? அதையும் சேர்த்து வெச்சா பேலன்ஸ் ஆகும்."

"அவன் பண்ணத அவன் வந்து சொன்னா போட்டுக்கோ. நான் என்னுதச் சொல்றேன்."

அவ்வளவுதான். வடையை எடுத்துக்கொண்டார்.

இந்த விஷயத்தில் அவர் பிடிவாதம் சில நாள் எரிச்சலூட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதாநாயகனாக நடித்த பையன், என் பேர் கெட்டுவிடும் என்று வராமல் இருந்தான். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய், மனைவி எஸ்தர் அக்கா கையால் கோழிக் குழம்பு போட்டு, சீலன் அண்ணன் வழிக்குக் கொண்டுவந்தார். அந்தக் குத்து எடுக்கப்பட்ட அன்று ரிங்குக்குக் கீழே நின்று பார்த்தார். டேக் ஓகே ஆனதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. மண்டபத்துக்கு வெளியே போய், தொட்டி ஓரமாக முகம் கழுவிக்கொண்டு நின்றார். நான் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசிக் காட்சியில்தான் பெரிய சண்டை. கட்டிப்பிடிப்பதெல்லாம் வேண்டாம், எதிராளி வந்து தண்ணீர் குடிக்கட்டும், அது போதும் என்று கிரண் இறங்கி வந்தான். சீலன் அண்ணன் அதற்கும் ஒப்பவில்லை.

"படத்துல குடிச்சிட்டா எனக்கு மனசு ஆறிப்பூடும்பா. அவன் இன்னும் குடிக்கல. நாமளே அவனுக்கு ஊத்திவுடக் கூடாது."

இப்படித்தான் எங்கள் படம், ஜெயித்தவன் தன் மூலையில் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்பதோடு முடிந்தது. எதிரே வெறும் ரிங். டேக்குக்கு டேக் அந்த பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை இருக்க வேண்டும். யாரும் வாய் வைக்காத தண்ணீர் என்று தெரிய வேண்டும். விளக்குச் சூட்டில் தாகம் எடுத்த லைட்மேன் ஒருவர் அதை எடுத்துக் குடித்துவிட, நான் போட்ட கூச்சலில் மண்டபமே அதிர்ந்தது.

படம் வெளியானபோது தியேட்டரில் பாதிக்குமேல் காலி. சீலன் அண்ணன் ஹெப்பகோடிக்குச் சொல்லியனுப்பியிருந்தார். சம்பத் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, மகன் வீட்டோடு இருப்பதாகத் தெரிந்தது. அண்ணன் தன் பக்கத்தில் ஒரு இருக்கையில் கைக்குட்டை போட்டு வைத்தார். விளக்கு அணைந்த பிறகும் வாசலுக்கு யார் வந்தாலும் முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார். சம்பத் வரவில்லை. படம் முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "முடிஞ்சுதா, இல்ல இன்னும் இருக்குதா?" என்று பொதுவாகக் கேட்டார். "இன்னும் இருக்குது சார்" என்று சீலன் அண்ணன்தான் பதில் சொன்னார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி, ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கை சும்மா இருந்தால் அழுகை வரும் என்று நான் டீ கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். கடைசி நாற்காலியில் ஒரு பெரியவர். ஒல்லியான உடம்பு, அகலமான தோள். டீயை நீட்டினேன். வேண்டாம் என்று கையாட்டினார். உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தர் அக்காவும் உள்ளிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஹெப்பகோடிக்கும் லிங்கராஜபுரத்துக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? போன வாரம் வந்திருக்கக் கூடாதா? அவரோ எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துப் பேசினார்.

"படத்த மவன் போன்ல பாத்தேம்மா. அதுல அவனுத மட்டுந்தான் சொல்லிக்கிறான். என்னுதச் சொல்லவேயில்ல."

எஸ்தர் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அவனுக்குச் சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு தெரியாது. அப்ப அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த எழுத்துப் போர்ட மனப்பாடம் பண்ண வெச்சவனே நாந்தான். அன்னிக்கு ரிங்குல மொத மணியிலர்ந்து அந்தப் பக்கமே சுத்திச் சுத்தி அடிச்சேன். அவனால என்னப் பாக்கவே முடியல. வேற வழியில்லாமதான் அவன் விலாவுல குத்தினான். ஊரு பூரா அவன் என் எலும்புல அடிச்சான்னு சொல்லிகினு திரிஞ்சேன். இத்த யாராண்டயும் சொல்லல. அவனாண்ட சொல்லலாம்னு ரெண்டு மூணு தபா பஸ் ஏறி, பாதியில எறங்கிட்டேன்."

நான் டீத்தட்டைக் கீழே வைத்தேன். எஸ்தர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபம் ஒரு துளியும் இல்லாமல் சொன்னார்:

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்சிகினு இருந்தீங்க? கண்ணு அவரோடதுண்ணா."

சம்பத் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை என்னால் இங்கே எழுத முடியாது.

"நானும் கேட்டேன், ஏங்க படத்துல அத்தச் சொல்லலன்னு. அது அவன் சொல்லவேண்டியது, நாம எடுத்தா திருட்டுன்னாரு" என்றார் அக்கா.

சம்பத் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் தண்ணி குடும்மா."

எனக்குத் தெரிந்த மனிதர்கள் ஒரு சண்டையைச் சொன்னால், அடுத்தவர் செய்ததில் தொடங்கி அடுத்தவர் செய்ததில் முடிப்பார்கள். நானும் அந்த ரகம்தான். பிறர் தப்பைக் குறித்துவைப்பதற்கே சம்பளம் வாங்குபவள். சீலன் அண்ணனுக்கு அடுத்தவருடைய பங்கும் தெரியும். தெரிந்தும் தன் பங்கை மட்டும் ஊரறியச் சொல்லி, மிச்சத்தை உரியவருக்காக விட்டுவைத்தார். "நான் என்னுதச் சொல்றேன்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் வைத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் பேச்சு நின்றுபோன உறவுகள் உண்டு. அங்கே அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் அளவுக்குத் தைரியம் வருமா, தெரியாது.

அண்ணா, கடைசி ஷாட்டை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் ஆற்றாமையாக இருக்கிறது. எஸ்தர் அக்கா சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். உங்கள் சம்பத் எழுந்து நின்று, உங்கள் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். கண்டினியூட்டி பார்க்கிறவள் நான், என் பேச்சை நீங்கள் நம்பலாம். டம்ளரில் சொட்டு மிச்சமில்லை.