அண்ணியின் முந்தானையில் ஒரு வளையம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு எதை உடுத்துவது என்று நான் விழித்தபோது, அண்ணி பீரோவைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து நீட்டினாள். அவளே நெய்தது, அரக்கில் பச்சைக் கரை. சொந்தத் தங்கைக்குக்கூடத் தராதவள். “பத்திரமா கட்டிக்கினு வாமா. ஒரு சொட்டு பட்டுச்சுன்னாலும் நான் பொல்லாதவ” என்றாள்.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை வரை பஸ்ஸில் முதுகு சாயாமல் போனேன்.

என் ஆராய்ச்சி இதுதான். புட்டியில் ஒன்றாகக் கலந்து கிடக்கும் இரண்டு திரவங்களை, தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய துளைக்குள் அடைத்தால் பிரிந்துவிடும். ஒன்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மற்றது நடுவில் ஒதுங்கும். “புட்டியில் பார்த்ததை வைத்துத் துளைக்குள் நடப்பதைச் சொல்லலாமா?” என்று தேர்வாளர் கேட்டார். “கூடவே கூடாது சார்” என்று அடித்துச் சொன்னேன். பாஸ்.

மதியம், வீட்டிலிருந்து கொண்டுபோன, மூங்கில் குடலையில் அவித்த காஞ்சிபுரம் இட்லியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நானும் பொடி தொட்டு ஒரு வாய் வைத்தேன். முந்தானையில் நல்லெண்ணெய் சொட்டியது. அண்ணி சொன்ன அதே ஒரு சொட்டு.

ஆனால் நான் யார்? ஒரு மணி நேரத்துக்கு முன் டாக்டர் ஆனவள் ஆயிற்றே. லேபுக்கு ஓடி, எண்ணெயைக் கரைக்கும் திரவம் ஒன்றையும் ஸ்பிரிட்டையும் புட்டியில் கலந்தேன். தெளிவாக ஒன்றாகிவிட்டன. பஞ்சில் நனைத்து ஒற்றினேன். சொட்டு மறைந்தது.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் முந்தானை காய்ந்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வளையம் தெரிந்தது. பட்டு இழைக்குள்ளும் அப்படிப்பட்ட இடுக்குகள் உண்டு. ஸ்பிரிட் இழையோடு ஒட்டிக்கொள்ள, மற்றது எண்ணெயை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியிருக்க வேண்டும். காலையில் கூடாது என்று சொன்னதை மதியமே செய்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அண்ணியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதையும் அவங்க கேட்டிருந்தா நீ பாஸாயிருப்பியா?” என்றாள். நான் அழுதுவிட்டேன். பவுடர் தூவி இரண்டு நாள் வைத்தும் பாதிதான் போயிற்று. புடவையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். இனி அவள் எனக்கு எதையும் தரமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அவள் தங்கை கல்யாணத்துக்கு அதே புடவையைக் கட்டிவந்தாள். வளையத்தை மடிப்புக்குள் மறைப்பாள் என்று பார்த்தால், முந்தானையை விரித்துவிட்டிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரம்மா தொட்டுப் பார்த்து, “இன்னாமா இது, கறையா?” என்றார்.

“எங்க நாத்தனார் டாக்டர் ஆனாளே, அன்னிக்கு அவ கட்டிக்கினு போனது இதான்” என்றாள் அண்ணி.