போகியன்று தூக்கிப்போட்ட கணினி

என் கணவர் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுப்பவர். அவர்களுக்காக நாடகங்களும் எழுதியிருக்கிறார். எல்லாம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. இன்றைய கணினியில் திறந்தால் கொக்கியும் கோடுமாகத் தெரியும். அதற்காகவே என் மடிக்கணினிக்குள் ஒரு மென்பொருள் மூலம் பழைய கணினி ஒன்றை மெய்நிகராக ஓடவிட்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை காலை அது எழுந்திருக்க மறுத்தது. மாலையில் லிட்டில் இந்தியாவில் அவர் நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை. வேறு பிரதி கிடையாது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லி அவரிடம் நான் கத்தியது தனிக்கதை. இனி புதிதாக எழுத வராது என்று அவர் முடிவே கட்டியிருந்தார். இருந்ததும் போனால் என்ன ஆவாரோ என்று பயமாக இருந்தது.

அதற்கு ஒதுக்கிய நினைவக அளவைக் கூட்டினேன். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். அசைவதாயில்லை. பிழைச்செய்தியில் கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தது. அதைப் படிக்கத் தெரியாமல் திணறுகிறதோ என்று பெயரை மாற்றப் போனால், கோப்புறையையே காணோம். பழைய கணினி இருந்த கோப்புறை என்பதால் நான் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பழசு’.

சாப்பாட்டு மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது.

“போகிக்கு எல்லாம் கிளீன் பண்ணேன்ல, அதையும் தூக்கிப் போட்டுட்டேன். பழசுன்னு பேரு வச்சா வேற என்ன செய்றது?”

உடனே மடிக்கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நல்லவேளை, மனிதர் சோம்பேறி. தொட்டியைக் காலி செய்யவில்லை. கோப்புறையைப் பழைய இடத்தில் வைத்ததும் கணினி முக்கி முனகி எழுந்தது. நாடகமும் திறந்தது.

வந்து பார்க்கச் சொன்னேன். கையில் நான்கைந்து தாள்களோடு வந்தார். காலையிலிருந்து நான் முட்டிமோதிக்கொண்டிருந்தபோது, நினைவில் இருந்ததை வைத்து நாடகத்தை மறுபடி எழுதியிருக்கிறார். திரையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் படித்தார்.

“அது இருக்கட்டும் லா. பிள்ளைங்களுக்கு இதையே குடுத்துடலாம். இது நல்லா வந்திருக்கு.”

வேறொரு நாளாக இருந்தால் பாய்ந்திருப்பேன். தாள்களை வாங்கி நின்றபடியே படித்தேன். பாதி அவர் நினைவில் இருந்தது, மீதி அன்று காலை பிறந்தது. இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

“எந்த எடத்துல சிரிச்ச?” என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.